அக்கா பார்த்த கால்கள்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், முத்தியால்பேட்டை அக்கம்பக்கத்தாருக்கும், மாமாவோடு மில்லில் வேலை பார்த்த நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்காவின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பைத் தங்கையான என்னிடம் பிள்ளைகள் ஒப்படைத்தார்கள். "சித்தி, நல்லபடியா எழுதுங்க. கோழிக் கதையா எழுதிடாதீங்க" என்று அக்காவின் மகள் என்னிடம் சொல்லித்தான் விட்டாள். முயன்று பார்த்தேன். கோழியை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. அவளும் படித்துவிட்டு என்னை மன்னிப்பாள் என்று நினைக்கிறேன்.

அக்கா பிறந்தது பாகூருக்கு அருகே ஒரு சிற்றூரில். அப்பாவும் அம்மாவும் கழனிக் கூலிகள். அக்கா மூத்தவர், நான் கடைசி. நடுவில் பிறந்தவர்கள் தங்கவில்லை. அம்மா நடவுக்குப் போன நாட்களில் அக்காவின் இடுப்புதான் எனக்குத் தொட்டில். அதனாலேயே ஐந்தாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது. அதை அவர் ஒருநாளும் என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் காட்டுவார். அக்கா கோபக்காரர். அவரைப் பொறுமையின் வடிவம் என்று நான் எழுதினால் தெரிந்தவர்கள் எல்லாரும் சிரிப்பீர்கள்.

முத்தியால்பேட்டையில் மில் தொழிலாளியாக இருந்த மாமாவுக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தார்கள். நான் அப்போது சிறுமி. அம்மி மிதிக்கும்போது மாமா குனிந்து அக்காவின் காலில் மெட்டி போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மெட்டி சற்றுச் சிறியதாகிவிட்டது. மாமா வியர்த்து விறுவிறுத்து அதை விரலில் ஏற்றுவதற்குள் பெண்கள் கேலி செய்து தீர்த்துவிட்டார்கள். அன்று ஏறிய மெட்டி பிறகு கழலவே இல்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அக்கா நகரத்துக்குள் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் சமையல் வேலை செய்தார். அந்த அம்மாள் வீட்டைக் காலி செய்துகொண்டு பிரான்சுக்குப் போகும்போது, தோட்டத்தில் வளர்த்த பறவைகளை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மதாம் அவற்றைப் பேந்தாத் என்பார். எங்களுக்குக் கின்னிக்கோழி. சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், முடியில்லாத முகம், தலையில் சின்னக் கொம்பு. பார்க்க அழகுதான். வாயைத் திறந்தால் மில்லில் ஷிப்டு தொடங்கியதுபோல இருக்கும். தெருவில் புது ஆள் நுழைந்தாலும் கத்தும், காற்றில் ஒரு சேலை பறந்தாலும் கத்தும். நான் கல்யாணமாகி, அதே நகரத்தின் இன்னொரு பகுதியான கதிர்காமத்தில் இருந்தேன். அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் தெருமுனையிலேயே என் வரவை அவை ஊருக்கு அறிவித்துவிடும்.

அக்காவும் மாமாவும் அந்தக் கோழிகளுக்குச் செய்த முதல் உபகாரமே உபத்திரவமாகப் போனது. மில்லில் கழித்துப் போடும் நூலுக்கு வேஸ்ட் என்று பெயர். முத்தியால்பேட்டையில் எந்த மில் தொழிலாளி வீட்டிலும் அது இருக்கும். கை துடைக்க, விளக்குத் திரிக்கு, தலையணையில் அடைக்க என்று எல்லாவற்றுக்கும் அதுதான். மழைக்காலத்தில் கோழிகள் ஈரத்தில் நிற்கின்றனவே என்று மனமிரங்கி, மாமா கூண்டுக்குள் அந்த நூலை மெத்தையாகப் பரப்பினார். அக்காவுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கூலி வேலை செய்யும் எங்கள் பாகூர் வீட்டில் யாரும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். எங்களிடம் அவ்வளவு நூல் ஏது?

சில வாரங்களில் கோழிகள் நொண்ட ஆரம்பித்தன. மண்ணும் எச்சமும் ஒட்டிய கால்களில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. மாமா ஒன்றைக் காலைப் பிடித்து இழுத்தார். அது உதறிய உதறலில் தொடை பிசகி, பிறகு அது எழுந்திருக்கவே இல்லை. கின்னிக்கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பதை அவர்கள் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். அடுத்ததை அக்கா பொழுது சாயக் கூண்டில் அடையும்போது இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து அணைத்துப் பிடித்தார். காலைக் கழுவிப் பார்த்தால், விரலைச் சுற்றி நூல். தோலுக்குள் அமிழ்ந்து கிடந்தது. அதற்கு அப்பால் விரல் கறுத்துப் போயிருந்தது.

அன்று அக்கா அழுததாக மாமா சொல்வார். நான் அதை நம்பவில்லை. அழுதிருந்தாலும் மாமாவைத் திட்டிக்கொண்டேதான் அழுதிருப்பார்.

கூண்டிலிருந்த நூல் அத்தனையும் அன்றே அடுப்புக்குப் போயிற்று. அதன் பிறகு கூண்டில் காய்ந்த மணல்தான். ஆனாலும் முத்தியால்பேட்டைத் தெருக்களில் நூலுக்குப் பஞ்சமில்லை. காற்றில் வந்து எங்காவது சிக்கும். எனவே கால் பார்ப்பது அந்த வீட்டின் வழக்கமாயிற்று. வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பதுபோல, எல்லாக் கோழிக்கும் கால் பார்க்க வேண்டும். மாமா முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கோழியை மடியில் வைத்துக்கொள்வார். அதன் தலைமேல் தன் துண்டைப் போட்டு மூடுவார். கண் மறைந்ததும் அவ்வளவு கத்துகிற பிராணி அப்படியே அடங்கிவிடும். அக்கா எதிரில் உட்கார்ந்து காலை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊற வைப்பார். ஊறிய பிறகு ஊசியால் நூலை மெல்லக் கிளப்பி, சின்னக் கத்தரியால் வெட்டி எடுப்பார். கழுவித் துடைத்து, ஊதா மருந்து தடவி, பழைய வேட்டித் துணியால் கட்டுவார்.

கால் அடியில் வரும் கட்டி வேறு விதம். உயரமான மதிலிலிருந்து கல் தரையில் திரும்பத் திரும்பக் குதிப்பதால் உள்ளங்கால் கன்றிப் புண்ணாகி, மேலே கறுப்பாகப் பொருக்கு கட்டும். உள்ளே சீழ், வெந்த மஞ்சள் கருபோல இறுகிக் கிடக்கும். இதில் அக்கா தானாக எதையும் செய்யவில்லை. கோழியைக் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தார். அங்கிருந்த டாக்டர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். சின்னக் கட்டியை ஊற வைத்து, பொருக்கை நீக்கி, உள்ளிருப்பதைச் சுத்தமாக எடுத்து, மருந்து வைத்துக் கட்ட வேண்டும். கால் சூடாகி வீக்கம் மேலே ஏறினால் வீட்டில் கை வைக்காமல் தூக்கி வந்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது தூங்குகிற கழியைத் தாழ்வாகவும் வழவழப்பாகவும் வைக்க வேண்டும். அந்த டாக்டரைப் பற்றி அக்கா கடைசிவரை மரியாதையோடு பேசினார். அப்படி அவர் பேசிய ஆட்கள் குறைவு.

தெருக்காரர்களும் தங்கள் கோழிகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். பலரும் விரலில் மஞ்சளை அரைத்து அப்பி, வேப்பெண்ணெய் தடவி, எல்லாம் செய்துவிட்டு வருவார்கள். நூல் மட்டும் உள்ளேயே இருக்கும். அக்காவுக்குக் கோபம் வந்துவிடும்.

"நூல வெட்டாம மேல மருந்து போட்டா இன்னா பிரயோஜனம்? மொதல்ல நூல வெட்டு. அப்புறம் மஞ்சள் போடு, குங்குமம் போடு, இன்னா வேணா போடு."

விரல் முழுதும் கறுத்துவிட்டால் அதை எடுக்க மாட்டாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். விரல் போன கோழிகள் அக்காவின் முற்றத்தில் எப்போதும் சில இருக்கும். கொஞ்ச நாள் தடுமாறும். பிறகு மற்றவற்றோடு ஓடும், சண்டை போடும், கத்தும். "எது விரல் போனதுன்னு சொல்லு பாக்கலாம்" என்று அக்கா என்னைக் கேட்பார். நான் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுவில் அந்த வீட்டுக்குக் கஷ்ட காலம் வந்தது. பல வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த மாமாவுக்கு நெஞ்சு கெட்டுப்போயிற்று. இரண்டு படி ஏறினால் மூச்சிரைக்கும். ஒரு மழைக்காலம் முழுவதும் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தார். பிழைப்பாரா என்று நாங்கள் எல்லாரும் பயந்த காலம் அது. அக்கா இரவு பகல் பார்க்காமல் மாமாவைக் கவனித்துக்கொண்டார். அக்காவுக்குச் சர்க்கரை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தும் அதைப் பொருட்படுத்தவில்லை. கால் வீங்குகிறது என்று நான் சொன்னபோது, "நாள் பூரா நிக்கிறேன், வீங்காம இன்னா பண்ணும்" என்றார்.

மாமா தேறி வீட்டுக்கு வந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை நடக்க ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில்தான் அக்காவின் வலது கால் இரண்டாம் விரலை நான் பார்த்தேன். கல்யாணத்தன்று ஏறிய அந்த மெட்டி, வீங்கிய விரலில் பாதி அமிழ்ந்து கிடந்தது. சுற்றிலும் ஈரம். மேலே மஞ்சள் அப்பியிருந்தார்.

"அக்கா, இத வெட்டி எடுத்துடலாம்" என்றேன்.

அக்கா சேலையை இழுத்து விரலை மூடிக்கொண்டார். "ஒங்க மாமா இப்பதான் எழுந்து நடமாடறாரு. இந்த நேரத்துல மெட்டிய வெட்டணும்னு வாய் கூசாம சொல்றியே. வலிக்கக்கூட இல்ல. தானா ஆறிடும்."

வலிக்கவில்லை என்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம் என்று எனக்கு அன்று தெரியாது. சர்க்கரை வந்த காலில் வலி தெரியாது என்று பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உறவுப் பெண்கள் சிலரும் அக்கா பக்கம்தான் பேசினார்கள். கணவர் இருக்கும்போது, அதுவும் நோயிலிருந்து எழுந்து வந்திருக்கும்போது, மெட்டியை வெட்டுவதாவது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயம் என் உள்ளத்திலும் இருந்தது. வாயால் அக்காவுக்குச் சொன்னேனே தவிர, கத்தரியை எடுத்து நீட்ட எனக்கும் கை வரவில்லை.

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. நான் போயிருந்தேன். நோயில் விட்டுப்போயிருந்த கால் பார்க்கும் வேலையை மாமா மறுபடி தொடங்க ஆசைப்பட்டார். முற்றத்தில் வழக்கம்போல உட்கார்ந்து, கோழியை மடியில் வைத்துத் துண்டால் மூடினார். அக்கா எதிரில் உட்கார்ந்தார். நொண்டிக்கொண்டிருந்த கோழி அது. நூல் ஆழமாக இறங்கியிருந்தது. அக்கா குனிந்து ஊசியால் நூலைக் கிளப்பிக்கொண்டிருந்தபோது அவருடைய சேலை விலகி, கால் வெளியே நீண்டிருந்தது. மாமா கோழியின் காலைப் பார்க்கவில்லை. அக்காவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் படுத்திருந்தவர், அன்றுதான் முதன்முதலாக அதைப் பார்க்கிறார்.

அக்கா நூலை வெட்டி எடுத்து, கட்டுப் போட்டு முடித்தார். மாமா கோழியை இறக்கிவிட்டார்.

"இது கோழின்னா இந்நேரம் விட்டு வச்சிருப்பியா?" என்று கேட்டார்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. காலை இழுத்துக்கொண்டார். "கோழிக்குப் புருசன் நோவுல கெடந்து எழுந்து வரலையே" என்றார்.

"ஊருக்கெல்லாம் நூல வெட்டு, நூல வெட்டுன்னு சொல்றவ நீ."

"அது நூலு. இது நீங்க போட்டது."

"நான் போட்டதுதானே. நானே எடுக்கறேன். குடு காலை."

அக்கா தரவில்லை. எனக்குத் தெரிந்து அக்கா கெஞ்சியது அன்று ஒருநாள்தான். "ஒங்களுக்கு ஏதாவது ஆயிட்டா நான் எப்படி இருப்பேன்" என்றார். மாமாவுக்கு மூச்சு வாங்கியது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"எனக்கு ஆவறது என் நெஞ்சால ஆவும். ஒன் மெட்டியால ஆவாது. நீ கால் இல்லாம உக்காந்துட்டா மட்டும் நான் நல்லா இருப்பனா?"

பிறகு என்னை மில் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அதில் கம்பி வெட்டும் சின்னக் குறடு இருந்தது. அக்காவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தோளிலிருந்த துண்டை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை வாங்கித் தன் தலைமேல் போட்டு முகத்தை மூடிக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். அழுகையும் வந்தது. அத்தனை கோபக்கார அக்கா, துண்டுக்குள் அப்படியே அடங்கி உட்கார்ந்திருந்தார்.

மாமா வெட்டினார். மெட்டி இரண்டாகப் பிரிந்தது. அடியில் விரல் கறுத்திருந்தது. மாமா மற்றக் காலையும் எடுத்து, அதிலிருந்த மெட்டியையும் வெட்டினார். "இனிமே ஒன் காலுல இறுக்கமா எதுவும் வேணாம்" என்றார். மெட்டித் துண்டுகளைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அப்போதே ரிக்‌ஷா பிடித்து அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

விரலை எடுக்க வேண்டும் என்றார்கள். நான் நடுங்கிப்போனேன். அக்கா நடுங்கவில்லை. டாக்டர் விளக்கிச் சொல்வதற்கு முன்பே, "கறுத்த வெரல் திரும்ப வராதுங்க, தெரியும். எடுத்துடுங்க. மேல ஏறாம பாத்துக்குங்க" என்றார். இன்னும் சில நாள் தள்ளியிருந்தால் பாதமே போயிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். விரலோடு நின்றது.

வீட்டுக்கு வந்த அக்கா கொஞ்ச நாள் தடுமாறினார். பிறகு நடந்தார். கூண்டைப் பெருக்கினார், மாமாவைத் திட்டினார், என்னையும் திட்டினார். மாமாவின் நெஞ்சு முன்னைவிட மோசமாகவில்லை. மெட்டி இல்லாத காலைப் பார்த்துச் சிலர் முணுமுணுத்தது எங்களுக்குத் தெரியும். அக்காவிடம் நேரில் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. வெள்ளிக்கிழமைக்கு ஒரு புது வழக்கமும் சேர்ந்தது. கோழிகளின் கால் பார்த்து முடிந்ததும், மாமா அக்காவின் பாதத்தை மடியில் வைத்து, விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்ப்பார். அக்காவுக்கு முதலில் வெட்கம். பிறகு தானாகவே காலை நீட்டிவிடுவார்.

இப்படிச் சில ஆண்டுகள் நன்றாகப் போயின. சென்ற ஆண்டு அக்காவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. அதிகம் படுக்கவில்லை. கடைசி நாட்களில்கூட, "கழிய ஒசரமா வச்சிடாதீங்க" என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு காலை வேளையில், கோழிகளைத் திறந்துவிடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, மாமாவின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். பூவும் பொட்டுமாகப் போக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அது நிறைவேறியது. ஆனாலும் அக்கா இல்லாமல் இந்த ஓராண்டை எங்களால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை. நான் கதிர்காமத்திலிருந்து வரும்போது கோழிகள் இன்னும் கத்துகின்றன. "வந்துட்டியா" என்று கேட்க ஆளில்லை. எனக்கு அது தாங்கவில்லை.

இனி நன்றி. அக்காவின் காலைக் காப்பாற்றிக் கொடுத்த பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும், முகம் சுளிக்காமல் கட்டு மாற்றிய நர்சம்மாக்களுக்கும், ஒரு கோழிக்காக அத்தனை நேரம் செலவழித்த மாட்டாஸ்பத்திரி டாக்டருக்கும், காரிய நாட்களில் அடுப்பு மூட்டவிடாமல் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

ஒருவரிடம் மட்டும் நன்றியோடு ஒரு விளக்கமும் சொல்ல வேண்டும். அன்று அக்காவைக் குளிப்பாட்டிக் கிடத்தியபின், முறைப்படி இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துத் துணியால் கட்டினார் ஒரு பெரியவர். மூச்சிரைக்க எழுந்து வந்த மாமா அவர் கையைத் தட்டிவிட்டார். "இறுக்காதீங்க, இறுக்காதீங்க" என்று சத்தம் போட்டார். பெரியவர் திகைத்து நின்றார். துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று கூடியிருந்தவர்கள் நினைத்தார்கள். பெரியவர் மனம் வருந்தியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். மாமாவுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து, அக்காவின் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த முடிச்சை அவிழ்த்து, ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்த்தி, தன் கையாலேயே கட்டினார்.

அக்காவின் நினைவாக இந்தக் கோழிகளில் சிலவற்றை வாங்கிப் போயிருக்கும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்காவின் படத்துக்கு விளக்கேற்றி வையுங்கள், நல்லது. வெள்ளிக்கிழமைதோறும் அவற்றின் காலையும் திருப்பிப் பாருங்கள். வீட்டில் சர்க்கரை உள்ளவர்கள் இருந்தால் அவர்கள் காலையும் பாருங்கள். ஏதாவது இறுக்கிக்கொண்டிருந்தால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் அதை வெட்டிவிடுங்கள்.